சிவப்பை அணைத்த நாள்

வெள்ளக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவில் ஐப்பசி மழைக்கு மலை சரிந்து, வரிசை வீடுகளான ஒரு லயம் அப்படியே, அடுப்பில் வைத்த கேத்தலோடும் உள்கொடியில் தொங்கிய சீலைகளோடும் மண்ணுக்குள் போய், பட்டாளத்துக்காரர்கள் வந்து தோண்டி, மந்திரிமார் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போய், இதற்கு மேல் தோண்டினால் மிச்ச மலையும் இறங்கிவிடும் என்று தோண்டுவதை நிறுத்தி, சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி, அந்த நாடாவும் வெயிலில் வெளுத்துப்போன பிறகு ஒரு காலையில், உள்ளே போனவர்கள் வரிசையாக வேலைக்குப் போவதை நிரோஷினி தன் கம்பியூட்டர் திரையில் பார்த்தாள்.

நிரோஷினி வெளியாள் இல்லை. அதே கீழ்க்கணக்கில் பிறந்து, தாய்மார் வேலைக்குப் போகையில் விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தில் வளர்ந்து, தங்கச்சி தர்ஷிகா பத்தாம் வகுப்போடு நின்று கொழுந்தெடுக்கப் போனதால் தான் கம்பஸ் வரை போக முடிந்து, கடைசியில் எந்த மலை எப்போது சரியும் என்று கவனிக்கிற அரசாங்கக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தவள். எத்தனையோ ஊர் மலைகளுக்கு அளவெடுக்கிற குழாய் இறக்கினாள். சொந்த மலைக்கு இறக்குவதற்குள் அது தானே இறங்கிவிட்டது. தர்ஷிகா உள்ளே போனாள். அம்மா அங்கம்மா அன்றைக்குக் கண் காட்டுவதற்காக டவுனுக்குப் போயிருந்ததால் வெளியே நின்றாள்.

மிச்ச மலை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள, கந்தோர் அவளையே அனுப்பியது. சரிந்த மண்ணிலும் சரியாத மேட்டிலும் அவள் ஆழமாக இரும்புக் குழாய்களை இறக்கி, குழாய்க்குள் முழத்துக்கு ஒன்றாக உணரிகளைக் கட்டி, ஈரம், அழுத்தம், சூடு, சாய்வு என்று அவை சொல்வதையெல்லாம் காற்றுவழியாகக் கம்பியூட்டருக்கு வரவைத்தாள். கம்பியூட்டரில் இருந்த மென்பொருள் அந்த எண்களை வாங்கி வாங்கி மலையாக்கிக் காட்டியது. கண்ணாடியில் செய்தது போல உள்ளெல்லாம் தெரிகிற மலை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். தண்ணீர் ஊறிய இடம் நீலம், காய்ந்த இடம் மஞ்சள், சூடான இடம் சிவப்பு. எண் மாற மாற நிறமும் மாறும். மூலையில் ‘லைவ்’ என்று ஒரு சின்னப் பச்சை எழுத்து விட்டுவிட்டுத் துடிக்கும். தங்கள் மலை என்ன செய்கிறது என்று சனங்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பது கந்தோரின் உத்தரவு. அதனால் வீடிழந்தவர்களும், மேல் லயத்திலிருந்து பயந்து இறங்கி வந்தவர்களும் பாய் விரித்துப் படுத்திருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பெரிய டீவியை மாட்டி, அதில் மலையை ஓடவிட்டிருந்தாள்.

அந்த மலையில் சிவப்பு வருவதற்கு நியாயமே இல்லை. ஆழத்து மண் குளிர்ந்து கிடக்கும். ஆனால் விடிந்ததும், காலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கிற பழைய பெரட்டுக்களம் இருந்த இடத்துக்கு நேர் கீழே, சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து கூடின. கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக, இப்போது இல்லாத ஒரு பாதையில், மலைக்குள்ளேயே மேலே ஏறி, தேயிலை நிரை பிடித்துப் பிரிந்து நின்று, மெல்ல மெல்ல நகர்ந்தன. நிரோஷினி வயர்களை மாற்றினாள். கம்பியூட்டரை அணைத்துப் போட்டாள். உணரிக் கோளாறு என்று கந்தோருக்கு எழுதினாள். உணரிக் கோளாறுதான், கண்டுகொள்ள வேண்டாம், படத்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கந்தோர் பதில் எழுதியது. அடுத்த நாள் பெரட்டு நேரத்துக்குப் புள்ளிகள் தவறாமல் வந்து நின்றன.

அங்கம்மா மகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

“மூணாவதாப் போறது தர்ஷி,” என்றாள்.

“என்னம்மா சொல்ற?”

“பின்னால மாரியாயி ஏற முடியாம வாறா. அவளுக்காக நின்னு நின்னு போறா பாரு. எத்தன தடவ கங்காணிகிட்ட ஏச்சு வாங்கினாலும் அந்தப் பழக்கம் போகலியே அவளுக்கு.”

நிரோஷினி பார்த்தாள். மூன்றாவது புள்ளி நின்றது, நான்காவது அதைத் தொடும் தூரம் வந்ததும் நகர்ந்தது, மறுபடி நின்றது. தங்கச்சி நடப்பதை அவளும் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறாள். அங்கம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். “உள்ளுக்கும் வேலைதானா,” என்றாள்.

அன்று பகலுக்குள் மண்டபத்தில் இருந்த எல்லோரும் தங்கள் தங்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் அதிசயப்படவில்லை, அதிசயப்படுவதற்குத் தேவையான தெம்பு அவர்களிடம் மிச்சமில்லை. பிள்ளையில்லாத சிவபாக்கியம், எல்லாப் புள்ளிகளும் மலையேறிய பிறகு ஒரே ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டு நழுவிக் கோயிலுக்குப் பின்புறம் இருந்த பக்கமாகப் போவதைப் பார்த்து, “மண்ணுக்குள்ள போயும் இந்த மனுசனுக்குக் கசிப்புச் சாராயம் தேடிப் போற புத்தி போகலியே,” என்று தன் புருசன் மருதமுத்துவை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசி முடித்ததும் அழுதாள். அழுது முடித்ததும் டீவிக்கு நேர் எதிரே தன் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டாள், பிறகு குளிக்கவும் சாப்பிடவும் தவிர அந்த இடத்தை விட்டு எழும்பவே இல்லை.

அதன் பிறகு மண்டபத்து வாழ்க்கை அந்தத் திரையைச் சுற்றி ஒழுங்கானது. காலையில் ஆளுக்காள் தங்கள் புள்ளி பெரட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பல் துலக்கினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் புள்ளிகள் இறங்கி வரும்போது இவர்களும் ரொட்டியைப் பிட்டார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் செய்தார்கள். முகாமில் பிறந்த ஒரு குழந்தையை, பெயர் வைத்த அன்று, உள்ளே இருந்த அதன் தகப்பன் பார்க்கட்டும் என்று திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்கள், அது நிறங்களைப் பார்த்துச் சிரித்தது. யாரும் தாலி அறுக்கவில்லை. யாரும் மொட்டையடிக்கவில்லை. கருமாதி என்ற பேச்சை எடுத்த சாமிக்கண்ணு பூசாரியை, “யாருக்குக் கருமாதி? ஒம்ம கண்ணு முன்னாலதானே போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்காங்க?” என்று பெண்கள் விரட்டினார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நிரோ, நிரோ என்று கூப்பிட்டவர்கள் இப்போது அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். முதல் ரொட்டி அவளுக்குத்தான் வந்தது.

“நீலத்த கொஞ்சம் கொறைங்க மிஸ். அது மறைக்குது. எங்க ஆளுங்க மங்கலாத் தெரியுறாங்க.”

அவள் குறைத்தாள். மறுவாரம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். நீலம்தான் தான் வந்த வேலை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளும் காலையில் எழுந்ததும் மூன்றாவது புள்ளியைத்தான் தேடினாள். மார்கழிப் பனியில் நீலம் தானாகவே வற்றிக்கொண்டு போனது, குறைத்தால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது.

தை பிறந்ததும் கிராம உத்தியோகத்தர் வந்தார். மண்ணில் போனவர்களின் மரணங்களைப் பதிந்து, ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் புதுவீட்டுக் காணி கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் மண்டபத்துக்குள் வந்து, சனங்கள் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து, திரையைப் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலையில் துடித்த பச்சை எழுத்தின் கிட்டப் போய்க் குனிந்து வாசித்தார்.

“லைவ்னு போட்டிருக்கே மிஸ்.”

“அது வேற சேர். தரவு அந்தந்த நேரத்துக்கு வருதுன்னு அர்த்தம்.”

“எந்தத் தரவு? இந்தா நடக்கிறாங்களே, இவங்களோட தரவா?”

அவள் எண்கள் ஓடுகிற பக்கத்தைத் திறந்து காட்டினாள், அவர் புள்ளிகளையே பார்த்தார்.

“உங்க டிப்பார்ட்மெண்டு அரசாங்கம். நானும் அரசாங்கம். உங்க மெசின் உயிரோட இருக்காங்கன்னு காட்டும்போது நான் செத்துட்டாங்கன்னு எழுதினா என்னோட வேலை என்னாகும்? நீங்களே சொல்லுங்க,” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, போகும்போது புள்ளிகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். காணிக் கோப்பு திரும்பிப் போனது. சனங்கள் அதற்காக வருத்தப்படவில்லை. செத்தவர்களுக்காகத்தானே அந்தக் காணி, நமக்கு எதற்கு என்றார்கள்.

பிறகு தோட்டத்து மேனேஜர் தொரை வந்தார். தோட்டத்தில் ஆள் குறைந்து கொழுந்து முற்றிக்கொண்டிருந்த காலம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புள்ளிகள் நிரை மாறுவதை வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

“மண்ணுக்குள்ள இருக்கிறவங்க நேரத்துக்குப் பெரட்டுக்கு வர்றாங்க,” என்றார், நல்ல தமிழில். “மேல இருக்கிறவங்க மண்டபத்துல படுத்துக் கெடக்குறீங்க.”

யாரும் தலை நிமிரவில்லை. புள்ளிகளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும், முகாமைக் காலி செய்யுங்கள், மேல் லயம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே போங்கள் என்றார். மேல் லயம், சரியாமல் மிச்சம் நின்ற மலையின் நேர் மடியில் இருந்தது. நிரோஷினி குறுக்கே விழுந்து, அங்கே போகக்கூடாது, மழை திரும்பினால் அந்த மேடு நிற்காது என்று தொரையிடம் சொல்லி, கந்தோருக்கு எழுதி, கந்தோர் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதி, நிர்வாகம் பரிசீலிக்கிறோம் என்று எழுதி முடிப்பதற்குள், சனங்கள் மூட்டை கட்டியிருந்தார்கள். விரட்டப்பட்டுப் போகிறவர்களின் முகம் அவர்களுக்கு இல்லை. மேல் லயத்திலிருந்து பார்த்தால் புதைந்த இடம் காலுக்குக் கீழே. டீவியைப் புதுச் சீலையில் சுற்றி, நாலு பேர் தோளில் வைத்து, முன்னால் தப்படித்துக்கொண்டு, சாமி ஊர்வலம் போகிற மாதிரி மலையேற்றி, மேல் லயத்துக் கோயில் மண்டபத்தில் இறக்கினார்கள்.

“நீயாவது சொல்லும்மா,” என்று நிரோஷினி அங்கம்மாவிடம் கெஞ்சினாள். “அது ஆபத்தான எடம்.”

“ஆபத்து வந்து, எடுத்துக்கிட்டும் போயாச்சு,” என்றாள் அங்கம்மா. “இனி நான் அவ பக்கத்துல இருக்கேன்.”

நிரோஷினியும் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வேறு என்ன செய்வது? அம்மா அங்கே. தங்கச்சியும் அங்கே.

வைகாசியில் மழை திரும்பியது. ஊசித் தூறலாகத் தொடங்கி, விடாமல் நின்று, பிறகு தகரம் கிழிகிற மாதிரி அடித்து, பகலையும் இரவையும் ஒரே நிறமாக்கி, பாதைகளை ஓடையாக்கி, டவுனுக்குப் போகிற ரோட்டை இரண்டு இடத்தில் உடைத்தது. அன்று காலை நிரோஷினி, சனங்கள் ஏசினாலும் பரவாயில்லை என்று, குறைத்து வைத்திருந்த நீலத்தை முழுதாகக் கூட்டினாள். கண்ணாடி மலை கழுத்து வரை நீலமாக இருந்தது. மேட்டில் இறக்கிய குழாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

அவள் எச்சரிக்கைச் சங்கை அழுத்தினாள். அது மலை முழுக்க ஊளையிட்டது. கோயில் மண்டபத்தில் ஒருவர்கூட எழும்பவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் புள்ளிகள் வேலைக்குப் போகவில்லை. பெரட்டுக்களத்தில் வந்து கூடினவை அப்படியே ஒன்றோடொன்று நெருங்கி நின்றன.

“மழையில பெரட்டக் கலைச்சிட்டாங்க போல,” என்றாள் சிவபாக்கியம் சந்தோசமாக. “இன்னிக்காவது ஒக்காரட்டும்.”

“எல்லாரும் எழும்புங்க! மலை வரப்போகுது. ஆத்தத் தாண்டிப் போயிரணும், இப்பவே!”

“சத்தம் போடாதீங்க மிஸ்,” என்றார் சாமிக்கண்ணு பூசாரி. விரட்டப்பட்டவரும் கடைசியில் அந்தத் திரைக்குத்தான் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். “கீழ இருக்கவங்களுக்குத் தெரியாததா ஒங்க மெசினுக்குத் தெரியும்? மலை அசைஞ்சா மொதல்ல ஓடப்போறது அவுங்கதான். அவுங்க பேசாம நிக்கிறாங்க பாருங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மாதக்கணக்காக அவர்கள் அப்படித்தான் நம்பி நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள் என்பது அப்போதுதான் நிரோஷினிக்கு விளங்கியது.

“அவுங்க ஏன் ஓடணும்?” என்று கத்தினாள். “மலை வந்தாலும் வராட்டியும் அவுங்களுக்கு இனிமே என்ன?”

“வாயக் கழுவு,” என்றாள் அங்கம்மா.

நிரோஷினி கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். நிறங்களின் வரிசையில் சிவப்புக்கு நேரே ஒரு சின்னக் கட்டம் இருந்தது, கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம். கை அதன் மேல் போய் நின்றது. திரையில் மூன்றாவது புள்ளி எது என்று இன்று தெரியவில்லை. எல்லாம் அவ்வளவு நெருக்கமாக நின்றன. கூட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒன்று, பின்னால் யாரோ வருவதற்குக் காத்திருப்பது போல, ஒரு அடி தள்ளி நின்றது. அது தர்ஷிதான் என்று நினைத்தாள். தர்ஷியாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கட்டத்தை அழுத்தினாள்.

சிவப்பு அணைந்தது. திரையில் நீலம் மட்டும் நின்றது, விளிம்பு வரை நிரம்பி, மேட்டில் வெடிக்கிற மாதிரி கறுத்து. இனிமேலாவது இதைப் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் அவள் அதைச் செய்தாள். அவர்கள் நீலத்தைப் பார்க்கவில்லை. தங்கள் சனம் இல்லாமல் போனதைத்தான் பார்த்தார்கள். ஐப்பசியில் மலை சரிந்த அன்றுகூட அப்படி ஒரு ஓலம் அந்தத் தோட்டத்தில் எழும்பவில்லை.

“எங்க அவுங்க? எங்கடி போட்ட அவுங்கள?”

“போடுடி திரும்ப! போடு!”

அழுதுகொண்டும் அடிக்க வந்துகொண்டும் அவர்கள் அங்கேயே நிற்பார்கள், மலை வரும் வரைக்கும் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயரைப் பிடுங்கினாள். கம்பியூட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் பாய்ந்தாள். வாசலில் நின்று திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க! நான் ஆத்துல வீசப்போறேன்! வேணும்னா வந்து புடிங்க!”

அவள் ஓடினாள். பின்னால் ஒட்டுமொத்த லயமும் ஓடியது. கத்தியை எடுத்தவர்கள் கத்தியோடும், கையில் கிடைத்த மண்வெட்டியை எடுத்தவர்கள் மண்வெட்டியோடும், பிள்ளையை வைத்திருந்தவர்கள் பிள்ளையோடும், நடக்கமாட்டாத கிழவர்களை முதுகில் சுமந்துகொண்டு அவர்களுடைய மகன்மாரும், கெட்ட வார்த்தையால் அவளையும் அவள் படிப்பையும் அவளைப் பெற்ற வயிற்றையும் ஏசிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஏசியவர்களில் அந்த வயிற்றுக்காரியும் இருந்தாள். படிக்கட்டுப் பாதையில் வழுக்கி விழுந்து எழும்பி, தேயிலைக்குள் குறுக்கே இறங்கி, தேயிலை ஆலையான ஸ்டோரைத் தாண்டி, தண்ணீர் பலகையை நக்கிக்கொண்டிருந்த தொங்குபாலத்தில் ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில், யாருக்கும் கொடுக்காமல் புல் முளைத்துக் கிடந்த காணியில் அவளைப் பிடித்தார்கள். முதலில் பிடித்தது அங்கம்மா. பிடித்த கையாலேயே முகத்தில் அறைந்தாள். கம்பியூட்டர் கல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அடுத்த அடி விழுவதற்குள் எதிர்ப்பக்கத்தில் மலை இறங்கியது.

சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்து வருவதைப் பார்த்தார்கள். பிறகு மேல் லயமும் கோயிலும் இருந்த இடத்தில் சிவந்த மண் ஓடிக்கொண்டிருந்தது. கத்தியும் மண்வெட்டியும் பிடித்த கைகள் அப்படியே நின்றன.

ஆட்களை எண்ணிப் பார்த்தபோது சிவபாக்கியம் மட்டும் இல்லை. அவள் ஓடி வரவில்லை. எல்லோரும் வாசலை நோக்கிப் பாய்ந்தபோது அவள் மட்டும் இருண்ட டீவியின் முன்னால் தன் பாயிலேயே இருந்தாள் என்றும், “கரண்டு போனா திரும்ப வராதா, ஏன் கத்துறீங்க,” என்று கேட்டாள் என்றும் கடைசியாகப் பார்த்தவள் சொன்னாள்.

நிரோஷினிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அடிக்கவும் இல்லை. மழை விட்ட பிறகு அங்கம்மா பிளந்த கம்பியூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுகளைச் சீலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“இதுக்குள்ள எங்கயாவது பதிஞ்சிருக்கும்ல? பழசு?”

“இல்லம்மா.”

“அவ மலையேறிப் போறது? நின்னு நின்னு போவாளே, அது?”

“அது வர்றத அப்பப்ப காட்டும். எடுத்து வைக்காது. அதுக்குன்னு தனியாச் சொல்லணும், நான் சொல்லல.”

“இத்தன மாசம் ஒக்காந்து பாத்தோமே,” என்றாள் அங்கம்மா. துண்டுகளைக் கீழே வைத்தாள். “ஒண்ணக்கூட எடுத்து வைக்கத் தோணலியா ஒனக்கு? இவ்வளவு படிச்சியே.”

அதன் பிறகு மகளிடம் அவள் தேவைக்கு மேல் பேசவில்லை.

குழாய்கள் எல்லாம் இரண்டாவது சரிவோடு போய்விட்டன. கந்தோர் புதிதாகக் குழாய் இறக்கவில்லை. சரிவதற்கு அங்கே இனி மலை இல்லை. கிராம உத்தியோகத்தர் திரும்பி வந்தார். இப்போது திரையும் இல்லை, பச்சை எழுத்தும் இல்லை, யாரும் உயிரோடு இருப்பதாக எந்த மெசினும் சொல்லவில்லை. அதனால் எல்லோரையும் எழுதிக்கொண்டார். ஆனால் தை மாதத்தில் அவர்கள் நடமாடியதைத் தானே கண்ணால் பார்த்திருக்கையில் ஐப்பசியில் செத்தார்கள் என்று எப்படி எழுதுவது என்று யோசித்து, சிவப்பு அணைந்த அன்றைய தேதியையே எல்லோருக்கும் போட்டார். காணி கிடைத்தது. தொரை வந்து கல் நாட்டினார். வீடுகள் எழும்பின, வரிசையாக, ஆற்றைத் தாண்டிய அந்த மேட்டில். அந்த வீடுகளில் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். நிரோஷினி லீவில் வரும்போதெல்லாம் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். மிஸ் என்று கூப்பிடவில்லை. நிரோ என்றும் கூப்பிடவில்லை.

இனிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றான பிறகு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் கருமாதி செய்வதென்று ஊர் கூடி முடிவெடுத்தார்கள். ஆற்றங்கரையில் கூடினார்கள். காரியம் செய்ய வேண்டிய ஆண்களில் பலர் உள்ளே போய்விட்டதால் பெண்களும் ஈரச் சீலையோடு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். வாழையிலைகளில் பிண்டம் பிடித்து வைத்த சாமிக்கண்ணு பூசாரி, முதலில் நின்ற அங்கம்மாவைப் பார்த்து, பேர் கேட்டார்.

“தர்ஷிகா.”

“போன திதி?”

அங்கம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூசாரி மறுபடி கேட்டார். அவள் திரும்பாமலே கரையில் நின்ற மகளைக் கையால் காட்டினாள்.

“அவளக் கேளுங்க. அவதானே அணைச்சா.”

எல்லோரும் நிரோஷினியைப் பார்த்தார்கள். தர்ஷிகா எப்போது போனாள் என்பது நிரோஷினிக்குத் தெரியும். ஐப்பசியில், தேய்பிறைச் சதுர்த்தியன்று. அவ்வளவு மண்ணுக்குக் கீழே ஒரு ஆளால் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியும் என்று அவள் படித்திருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். தண்ணீரில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், தகப்பனைச் சுமந்துகொண்டு ஓடி வந்தவன், தன்னை அறைந்த கை. தான் ஐப்பசி என்று சொன்னால், அத்தனை மாதமும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது யாரை என்று கேட்பார்கள்.

“வைகாசி,” என்றாள். “வளர்பிறைத் துவாதசி.”

பூசாரி அதைத் திருப்பிச் சொல்லி, பிண்டத்தை எடுத்து அங்கம்மாவின் கையில் கொடுத்தார். அடுத்தவரைக் கேட்டார். வைகாசி வளர்பிறைத் துவாதசி என்றார்கள். அதற்கடுத்தவரைக் கேட்டார். அதையே சொன்னார்கள். கரை முழுக்க அந்த ஒரே திதி வாய்க்கு வாய் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் சொல்பவர் கரையைப் பார்த்துச் சொன்னார், நிரோஷினி ஒவ்வொன்றையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு இலை மிஞ்சியது. உண்மையிலேயே அந்தத் திதியில் போனவளின் இலை.

“சிவபாக்கியத்துக்கு யாரு?” என்று பூசாரி கேட்டார்.

அவளுக்குப் பிள்ளையில்லை. புருசன் அவளுக்கு முந்திப் போய்விட்டான். பூசாரி இரண்டாம் முறை கேட்டார். நிரோஷினி செருப்பைக் கழற்றிவிட்டு, படித்தவள் உடுத்துகிற அந்த உடுப்போடேயே தண்ணீரில் இறங்கினாள். அங்கம்மா நனைந்த சீலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, மகள் மேல் படாமல், ஒதுங்கி வழிவிட்டாள்.